உடலின் தூதர்கள்

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தம் முழுவதிலும் கலந்திருக்கும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் அளவு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஐந்து கிராம். அதாவது, ஒரு தேக்கரண்டி மட்டுமே.

ஒருவர் காலையில் நாசி லெமாக் உண்டு, ஒரு குவளை தே தாரிக்கும் குடித்துப் பசியாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சோற்றிலுள்ள மாவுச்சத்தும் பானத்திலுள்ள சீனியும் செரித்து, பல தேக்கரண்டி குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்கின்றன. ஆயினும், இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதே மனிதர் இரவு முழுவதும் எதுவும் உண்ணாமல் உறங்கினாலும் அந்த ஒரு தேக்கரண்டி தீர்ந்துபோவதில்லை. கூடினால் குறைக்கவும் குறைந்தால் கூட்டவும் உடலுக்குள் இடைவிடாமல் ஒரு கண்காணிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கண்காணிப்பை நடத்துபவை ஹார்மோன்கள். தமிழில் இவற்றை இயக்குநீர் என்றும் வழங்குவர்.

குளுக்கோஸ் மட்டுமன்று, உடலின் வளர்ச்சி, வெப்பம், உறக்கம், அச்சம், பருவ மாற்றம் எனப் பலவும் இந்த இயக்குநீர்களின் ஆளுகைக்கு உட்பட்டவை. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றின் வேலை தடைபட்டால் என்ன நேர்கிறது என்பதை இனிக் காண்போம்.

இருவகைச் செய்தி

நம் உடலில் கோடானுகோடி உயிரணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டுமானால், அவற்றிடையே செய்திப் பரிமாற்றம் நடைபெற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நரம்பு, மற்றொன்று இரத்தம்.

நரம்பு வழியாகச் செல்லும் செய்தி தொலைபேசி அழைப்பைப் போன்றது. அது குறிப்பிட்ட இடத்திற்கு மட்டும் நொடிப்பொழுதில் சென்று சேர்கிறது. சூடான சட்டியைத் தொட்டவுடன் கை தானாகப் பின்வாங்குவது நரம்பின் வேகத்தால்தான்.

இரத்தம் வழியாகச் செல்லும் செய்தி பள்ளியின் ஒலிபெருக்கி அறிவிப்பைப் போன்றது. “படிவம் நான்கு மாணவர்கள் மண்டபத்திற்கு வரவும்” என்று அறிவித்தால், அந்தக் குரல் பள்ளி முழுவதும் கேட்கிறது. ஆனால், படிவம் நான்கு மாணவர்கள் மட்டுமே எழுந்து செல்கின்றனர். ஹார்மோனும் அவ்வாறுதான். அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றி வருகிறது. எனினும், அதனை அடையாளம் கண்டுகொள்ளும் உயிரணுக்கள் மட்டுமே அதன் கட்டளைக்குச் செவிசாய்க்கின்றன. அந்த உயிரணுக்களில், குறிப்பிட்ட ஹார்மோனுக்கென்றே அமைந்த புரதங்கள் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்பர். பூட்டுக்கு ஏற்ற சாவியைப் போல, ஏற்பிக்கு ஏற்ற ஹார்மோன் பொருந்தினால்தான் செய்தி உள்ளே சென்று சேரும்.

ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்புகளை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். நாளம் என்றால் குழாய். உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய்கள் உண்டு. அவை தாம் சுரப்பதைக் குழாயின் வழியே வெளியே அனுப்புகின்றன. நாளமில்லாச் சுரப்பிகளோ தாம் சுரப்பதை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன.

ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. பல ஹார்மோன்களை நானோகிராம் கணக்கில்தான் அளவிடுகின்றனர். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உடல் முழுவதும் அதன் விளைவை உணர்கிறது.

பெயர் பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, உடலுறுப்புகளின் வேலைகளைக் கட்டுப்படுத்துபவை நரம்புகளே என்று அறிவியலாளர்கள் பலர் கருதினர். உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குள் நுழைந்ததும், அருகிலுள்ள கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்று கணையத்திற்குத் தெரிவிப்பது யார்? நரம்புதான் என்பது அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவின் கருத்து.

1902ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். அவர்கள் ஒரு நாயின் சிறுகுடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்தனர். பிறகு, அந்தப் பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தினர். செய்தி கொண்டுசெல்ல நரம்பு இல்லாதபோதும் கணையம் வழக்கம்போல் சுரந்தது. அடுத்து, சிறுகுடலின் உட்சுவரைச் சுரண்டி எடுத்து, அமிலத்தோடு சேர்த்து அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை இரத்தக் குழாயில் செலுத்தினர். கணையம் மீண்டும் சுரந்தது. ஆகவே, செய்தியைச் சுமந்து சென்றது நரம்பன்று. இரத்தத்தில் கலந்த ஒரு வேதிப்பொருள் என்பது தெளிவாயிற்று. அதற்கு அவர்கள் ‘செக்ரட்டின்’ எனப் பெயரிட்டனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1905ஆம் ஆண்டு, இத்தகைய வேதித் தூதர்கள் அனைத்தையும் குறிக்க ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ‘தூண்டுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

போதும் என்று சொல்லும் கலை

தூண்டுவது மட்டும் ஹார்மோனின் வேலை என்றால் உடல் நிலைகுலைந்துவிடும். தொடங்கிய வேலையை உரிய நேரத்தில் நிறுத்தவும் வேண்டும். இதற்கு உடல் கையாளும் முறையைப் பின்னூட்டம் என்கிறோம்.

குளிரூட்டியை எடுத்துக்கொள்வோம். அறையின் வெப்பநிலை 24 பாகையாக இருக்க வேண்டும் என்று அதனைச் சரிசெய்து வைக்கிறோம். அறை சூடானால் குளிரூட்டி வேகமாக இயங்குகிறது. போதிய அளவு குளிர்ந்ததும், அந்தக் குளிர்ச்சியே இயந்திரத்தின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. விளைவே வேலையை நிறுத்தும் கட்டளையாக அமைகிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உள்ளது. அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரிச் சுரப்பி அமைந்துள்ளது. கழுத்தின் முன்பகுதியில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்று இருப்பது தைராய்டுச் சுரப்பி. தைராய்டு சுரக்கும் ஹார்மோன், உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அந்த ஹார்மோன் இரத்தத்தில் குறைந்தால், ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு ஹார்மோன் போதிய அளவு சுரந்ததும், அதுவே மேலே சென்று மூளையிடம் “போதும்” என்று கூறிவிடுகிறது. தூண்டுதல் அடங்குகிறது.

இந்த “போதும்” என்ற சொல் மூளையை எட்டாவிட்டால் என்னவாகும்? தைராய்டு ஹார்மோனை உருவாக்க அயோடின் என்ற தாதுப்பொருள் தேவை. கடலுணவில் அது மிகுதியாக உள்ளது. கடலிலிருந்து தொலைவில் உள்ள மலைப்பகுதிகளில், மழை மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் சென்றுவிடுவதால், அங்கு விளையும் உணவில் அது குறைவாகவே இருக்கும். அயோடின் கிடைக்காத தைராய்டால் ஹார்மோனைப் போதிய அளவு சுரக்க இயலாது. மூளையோ தூண்டிக்கொண்டே இருக்கும். வேலை செய்ய மூலப்பொருள் இல்லாமல், கட்டளை மட்டும் வந்துகொண்டே இருப்பதால் சுரப்பி வீங்கிப் பெரிதாகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை.

நம் நாட்டில் சரவாக்கின் உட்பகுதிகளில் ஒரு காலத்தில் இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. இதற்கு மருந்து மிக எளியது. நாள்தோறும் சமைக்கும் உப்பிலேயே சிறிதளவு அயோடினைச் சேர்ப்பதுதான். முதலில் சபாவிலும் சரவாக்கிலும் கட்டாயமாக்கப்பட்ட இந்நடைமுறை, 2020ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அயோடின் குறைவால் வருவது கழலை மட்டுமன்று. கருவிலும் பிறந்த முதல் சில மாதங்களிலும் மூளை வளர்வதற்குத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. சில குழந்தைகள் பிறக்கும்போதே தைராய்டு சரிவர இயங்காத நிலையில் பிறக்கின்றன. அப்போது வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். பிறகு அதனை மீட்க இயலாது. எனவேதான், மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேகரித்துச் சோதிக்கின்றனர். குறை இருப்பது தெரிந்தால், முதல் சில வாரங்களுக்குள்ளேயே சிகிச்சை தொடங்குகிறது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதும். அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்லலாம்.

விரைவும் நிதானமும்

எல்லா ஹார்மோன்களும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சாலையைக் கடக்கும்போது திடீரென ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வருகிறது. உடனே அட்ரினல் சுரப்பி அட்ரினலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கொட்டுகிறது. இதயத் துடிப்பு விரைவாகிறது. மூச்சுக்குழாய்கள் விரிகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிடுகிறது. குடலுக்குச் செல்ல வேண்டிய இரத்தம் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிடுகிறது. ஆபத்து விலகிய சில நிமிடங்களில் அட்ரினலின் சிதைந்து மறைகிறது. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பும்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இதே ஏற்பாட்டின் வெளிப்பாடுகள்தாம். அவை பலவீனத்தின் அடையாளமல்ல. உடல் நமக்குத் துணைநிற்க முயல்வதன் அடையாளம்.

அதே சுரப்பி கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோனையும் சுரக்கிறது. இது நிதானமாக, மணிக்கணக்கில் வேலை செய்வது. விடியற்காலையில் இதன் அளவு உயர்ந்து நம்மை அன்றைய நாளுக்கு ஆயத்தப்படுத்துகிறது, இரவில் தாழ்கிறது. கவலை நாள்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசாலின் அளவும் உயர்ந்தே இருக்கக்கூடும். அதனால் உறக்கமும் நோயெதிர்ப்பு ஆற்றலும் பாதிக்கப்படுகின்றன.

பதின்ம வயதில் ஹார்மோன்களின் வேலை இன்னும் கூடுகிறது. மூளையின் தூண்டுதலால் பாலினச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. குரல் மாறுகிறது, உயரம் கூடுகிறது, முகப்பருக்கள் தோன்றுகின்றன, மனநிலையும் அடிக்கடி மாறுகிறது. இம்மாற்றம் எந்த வயதில் தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே வகுப்பில் ஒருவர் விரைவாக வளர்வதும் மற்றவர் பின்னர் வளர்வதும் இயல்பே. அதனைக் கேலிப் பொருளாக்குவது அறியாமை.

உறக்கத்திலும் ஒரு மாற்றம் நேர்கிறது. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கிறது. பதின்ம வயதினருக்கு இந்த அறிவிப்பு சிறுவயதில் வந்ததைவிடச் சற்றுத் தாமதமாகவே வருகிறது. போதாக்குறைக்குக் கைப்பேசியின் ஒளியும் அதனை மேலும் தள்ளிப்போடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான். ஆகையால், உறக்கத்தைக் குறைத்துக்கொள்பவர் வளரும் நேரத்தையும் குறைத்துக்கொள்கிறார்.

கணையத்தின் கணக்கு

இனி, தொடக்கத்தில் கண்ட அந்த ஒரு தேக்கரண்டி குளுக்கோஸுக்குத் திரும்புவோம். அதனைக் காப்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம். செரிமான நீரைச் சுரக்கும் கணையத்திற்குள் ஆங்காங்கே சிறு தீவுகள் போன்ற உயிரணுக் கூட்டங்கள் உள்ளன. அவை இன்சுலின், குளுக்ககான் என்ற இரண்டு ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலக்கின்றன.

உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது இன்சுலின் சுரக்கிறது. அது தசை, கொழுப்பு உயிரணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி, குளுக்கோஸ் உள்ளே செல்ல வழிதிறக்கிறது. மிகுதியான குளுக்கோஸைச் சேமித்து வைக்குமாறு கல்லீரலையும் பணிக்கிறது. உணவின்றி இருக்கும்போது குளுக்ககான் சுரந்து, அந்தச் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. இவ்வாறு ஒன்று சேமிக்க, மற்றொன்று எடுத்துக்கொடுக்க, நலமான ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் இருக்கும்போது ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமோல்வரை குளுக்கோஸ் இருக்கும். இவ்வளவு 7 மில்லிமோலை எட்டினாலோ அதனைத் தாண்டினாலோ, மருத்துவர்கள் மறுசோதனை செய்து நீரிழிவு நோயை உறுதிப்படுத்துகின்றனர்.

நீரிழிவு, இனிப்புநீர் என்று இந்நோய்க்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் நோயின் இயல்பை அப்படியே உணர்த்துகின்றன. இரத்தத்தில் தேங்கும் குளுக்கோஸைச் சிறுநீரகம் சிறுநீரில் தள்ளுவதால், அது இனிப்புநீர் ஆகிறது. குளுக்கோஸ் தன்னோடு உடலின் நீரையும் இழுத்துச் செல்வதால், அது நீரிழிவு ஆகிறது. அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அடங்காத தாகமும் காரணமின்றி உடல் மெலிவதும் இதன் அடையாளங்கள்.

டொரோண்டோவில் ஒரு சிறுவன்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இன்சுலின் சுரக்காத குழந்தை பிழைப்பது அரிது. உடலில் உணவு இருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடந்தன. உணவை மிகக் கடுமையாகக் குறைத்து, குழந்தையின் வாழ்நாளைச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீட்டிப்பது மட்டுமே மருத்துவர்களால் இயன்றது.

கணையத்தை அகற்றினால் நீரிழிவு உண்டாகும் என்பது 1889ஆம் ஆண்டிலேயே நாய்களிடம் செய்த சோதனையால் தெரிந்திருந்தது. ஆனால், கணையத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க யாராலும் முடியவில்லை. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஜான் மெக்லவுடின் ஆய்வுக்கூடத்தில் பிரெடெரிக் பான்டிங் என்ற இளம் மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் இம்முயற்சியில் இறங்கினர். அவர்கள் எடுத்த கணையச் சாறு, நீரிழிவுற்ற நாய்களின் இரத்தத்தில் குளுக்கோஸைக் குறைத்தது. பின்னர் ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளரும் குழுவில் சேர்ந்தார்.

1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், டொரோண்டோ பொது மருத்துவமனையில் இருந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு ஊசிவழி செலுத்தப்பட்டது. அப்போது அவனது எடை ஏறத்தாழ 30 கிலோகிராம் மட்டுமே. முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சாறு தூய்மையாக இல்லாததால் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஏற்பட்டது. காலிப் இரவு பகலாக உழைத்துச் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு, ஜனவரி 23ஆம் நாள், மீண்டும் ஊசி போடப்பட்டது. இம்முறை இரத்தத்தில் குளுக்கோஸ் விரைவாகக் குறைந்தது. சிறுவனின் உடல் தேறியது, முகம் தெளிந்தது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923ஆம் ஆண்டு பான்டிங்குக்கும் மெக்லவுடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பான்டிங் தம் பரிசுத்தொகையைப் பெஸ்டுடனும், மெக்லவுட் தம் தொகையைக் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். இன்சுலினின் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரோண்டோ பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்தனர். பான்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாள் இன்று உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அனுப்பாத செய்தியும் கேட்காத செய்தியும்

லியோனார்டுக்கு வந்தது முதல்வகை நீரிழிவு. இவ்வகையில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகக் கணையத்தின் இன்சுலின் உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. செய்தியை அனுப்ப ஆளில்லாமல் போகிறது. பெரும்பாலும் சிறுவயதிலோ இளவயதிலோ தோன்றும் இந்நோய், இனிப்பு உண்டதால் வருவதன்று. பெற்றோரின் கவனக்குறைவும் காரணமன்று. இத்தகையோர் வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து பெற வேண்டும்.

இரண்டாம்வகை வேறுபட்டது. இதில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால், உயிரணுக்கள் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ஒலிபெருக்கி ஓயாமல் அலறினால் யாரும் அதனைப் பொருட்படுத்தாமல் போவதைப் போன்றது இந்நிலை. கணையம் மேலும் மேலும் சுரந்து, இறுதியில் களைத்துவிடுகிறது. பரம்பரை, மிகையான உடல் எடை, உடலுழைப்பின்மை ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். முன்பு முதியோரிடம் காணப்பட்ட இந்நோய் இன்று இளையோரிடமும் காணப்படுகிறது. பல ஆண்டுகள் அடையாளமே காட்டாமல் இருந்து கண், சிறுநீரகம், இதயம், பாதம் ஆகியவற்றைப் பாதித்த பின்னரே வெளிப்படுவதும் உண்டு.

மலேசியச் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இவ்விகிதம் அதிகம். ஆகவே, இது நம் ஒவ்வொருவரின் வீட்டையும் தொடும் செய்தி.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி சேர்க்கப்பட்ட பானம் ஒன்று 320 மில்லிலிட்டர் கொண்ட தகரக் குவளையில் விற்கப்படுகிறது. அதில் மொத்தம் 32 கிராம் சீனி உள்ளது. உடல் முழுவதிலும் ஓடும் இரத்தத்தில் இருப்பதோ ஐந்து கிராம். ஒரே மூச்சில் அதைவிட ஆறு மடங்குச் சீனியைக் குடித்துவிடுகிறோம். கணையம் அதனையும் சமாளிக்கும். ஆனால், நாள்தோறும் இச்சுமையை ஏற்றினால் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள குளிர்பானங்களுக்குத் தனி வரி விதித்ததற்கு இதுவே காரணம்.

நம் கையில் உள்ள மருந்தும் ஒன்று உண்டு. தசைகள் உழைக்கும்போது, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவரின் உயிரணுக்கள் இன்சுலினின் சொல்லுக்கு விரைவாகச் செவிசாய்க்கின்றன. திடலில் பந்து விளையாடுவதும் பள்ளிக்கு நடந்து செல்வதும் மிதிவண்டி ஓட்டுவதும் கணையத்தின் சுமையைக் குறைக்கும் செயல்கள்.

வகுப்புத் தோழனுக்காக

உங்கள் பள்ளியிலும் முதல்வகை நீரிழிவு உள்ள மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும் முன் அவர் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். வயிற்றிலோ தொடையிலோ இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளலாம். நம் கணையம் நமக்குத் தெரியாமலேயே செய்யும் கணக்கை, அவர் ஒவ்வொரு வேளையும் தாமே போட்டுப் பார்க்கிறார். அதற்குப் பொறுமையும் துணிவும் வேண்டும். அவரை வேடிக்கை பார்ப்பதைவிட, ஊசி போட்டுக்கொள்ள அவருக்குத் தூய்மையான இடமும் சற்று நேரமும் கிடைக்கச் செய்வதே நட்பு.

மேலும் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது ஓர் உயிரைக் காக்கலாம். இன்சுலின் தேவைக்கு மேல் போய்விட்டாலோ, ஊசி போட்ட பிறகு உண்ணத் தாமதித்தாலோ, கடுமையாக விளையாடினாலோ இரத்தத்தில் குளுக்கோஸ் மிகவும் குறைந்துவிடும். அப்போது உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் தடுமாற்றம் ஏற்படும். உடனே அவருக்குச் சீனி கலந்த பானத்தையோ மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ கொடுக்க வேண்டும். தனியே விடாமல் ஆசிரியரை அழைக்க வேண்டும். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊட்டக்கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

செய்தியை உரிய நேரத்தில் அனுப்புதல், அதற்குச் செவிசாய்த்தல், போதும் என்றதும் நிறுத்துதல் ஆகிய மூன்றும் நம் உடலுக்குள் ஒவ்வொரு நொடியும் நடைபெறுகின்றன. சுரக்கும் வேலையைச் சுரப்பிகள் பார்த்துக்கொள்கின்றன. நாம் செய்யக்கூடியவை சில மட்டுமே: போதிய உறக்கம், அளவான இனிப்பு, நாள்தோறும் சிறிது ஓட்டம். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.